கல்லறைக்குள் ஒரு சமையலறை: எட்ருஸ்கர்கள் பற்றி எளிய அறிமுகம்

இத்தாலியின் செர்வேத்தெரி என்ற சிற்றூரில் ஒரு நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. அதன் தூணில் சுருட்டிய கயிறு ஒன்று மாட்டியிருக்கிறது. பக்கத்தில் கத்தி, கோடரி, குடம். தூணின் அடியில் ஒரு நாயும் ஒரு வாத்தும். கட்டில் மாதிரி வெட்டிய மாடங்களில் சிவப்புத் தலையணைகள். ஒரு மாடத்தின் கீழே ஒரு ஜோடிச் செருப்புகூட உண்டு. எதுவுமே நிஜப் பொருள் இல்லை. எல்லாம் பாறையில் செதுக்கி, சுண்ணச்சாந்து பூசி, வண்ணம் தீட்டியவை. மாத்துனா என்ற குடும்பம் கி.மு. 4-ம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் தங்கள் இறந்தவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. அதன் படத்தை முதலில் பார்த்தபோது, வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நேரத்தில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

பழைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கல்லறையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பேன். இவர்கள் புத்தகம் எழுதினார்கள். அநேகமாக எல்லாம் அழிந்துவிட்டது. இவர்கள் வீடுகளை மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் கட்டினார்கள். அவையும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. மிஞ்சியது பாறையில் குடைந்த கல்லறைகள். அவற்றை வீடு மாதிரியே குடைந்ததுதான் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கூரையைத் தாங்கும் உத்தரம், வாசல் நிலை, நாற்காலி, கட்டில் என எதையும் விடாமல் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் எரிமலைப் பாறை மென்மையானது, வெட்டச் சுலபம். காற்றுப் பட்ட பிறகு இறுகிவிடும். இறந்தவர்களின் வீட்டைப் பார்த்து இருந்தவர்களின் வீட்டை ஊகிக்கிறோம்.

இன்னொரு வழி, கிரேக்கரும் ரோமரும் இவர்களைப் பற்றி எழுதி வைத்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த இருவருமே இவர்களோடு கடலிலும் தரையிலும் மோதியவர்கள். பங்காளிச் சண்டையில் ஒரு பக்கத்தின் பேச்சை மட்டும் கேட்டு ஊர்க்கதை எழுதுவது மாதிரிதான் அது.

எங்கே, எப்போது?

இத்தாலி வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாரன்ஸ் வழியாக ஓடும் அர்னோ ஆறு வடக்கு எல்லை. ரோம் வழியாக ஓடும் டைபர் தெற்கிலும் கிழக்கிலும் எல்லை. மேற்கே கடல். இந்த முக்கோணம்தான் எட்ருரியா. இவர்கள் தங்களை ‘ரஸ்னா’ என்று சொல்லிக்கொண்டார்கள். கிரேக்கர் ‘திர்ரெனோய்’ என்றார்கள். இத்தாலியின் மேற்குக் கடலுக்குத் திர்ரேனியக் கடல் என்று பேர் வந்தது அப்படித்தான். ரோமர் ‘துஸ்கி’ என்றார்கள். இன்றைய டஸ்கனி அதிலிருந்து வந்த பெயர். சொந்தப் பெயர் மட்டும் வரைபடத்தில் நிற்கவில்லை.

காலம் என்று பார்த்தால், கி.மு. 900 வாக்கில் கிராமங்களாக இருந்தவை மெல்ல நகரங்களாகின. கி.மு. 7, 6-ம் நூற்றாண்டுகள் உச்சம். பிறகு ரோம் ஒவ்வொரு ஊராக விழுங்கி, கி.மு. 1-ம் நூற்றாண்டில் எல்லோரும் ரோமக் குடிமக்கள் ஆனார்கள்.

எட்ருஸ்கப் பேரரசு என்று ஒன்று இருந்ததில்லை. தார்க்வினியா, வேயி, வுல்ச்சி, கியூசி, பெருஜியா, வோல்டெர்ரா என்று தனித்தனி நகர அரசுகள்தான். மொழி ஒன்று, கும்பிட்ட சாமிகளும் ஒன்றே, ஆனால் கஜானாவும் படையும் வேறு வேறு. பன்னிரண்டு நகரங்களின் கூட்டமைப்பு என்று மரபாகச் சொல்வார்கள். ஒர்வியெட்டோ பக்கத்தில் இருந்த வோல்தும்னா தெய்வத்தின் கோயிலில் அவர்கள் கூடினார்கள். திருவிழா, விளையாட்டு, சந்தை, ஆலோசனை எல்லாம் அங்கேதான்.

அந்த ஒற்றுமை எவ்வளவு பலமானது என்பதற்கு ரோம வரலாற்றாசிரியர் லிவி ஒரு கதை சொல்கிறார். வேயி நகரத்துப் பணக்காரர் ஒருவர் கூட்டமைப்பின் தலைமைப் பூசாரி பதவிக்கு நின்று தோற்றார். கோபத்தில், திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே கலைஞர்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர்களில் பெரும்பாலோர் அவருடைய அடிமைகள். அப்புறம் அதே ஆளை வேயிக்காரர்கள் அரசனாக்கினார்கள். ரோம் வேயியை முற்றுகையிட்டபோது மற்ற நகரங்கள் ‘அந்த அரசன் இருக்கும்வரை உதவி இல்லை’ என்று கையை விரித்துவிட்டன. கி.மு. 396-ல் வேயி விழுந்தது. ரோமிலிருந்து வேயி வெறும் பதினாறு கிலோமீட்டர்தான். அடுத்த முறை யார் என்று மற்றவர்கள் யோசித்திருக்க வேண்டும், யோசித்ததாகத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில்: உலோகம். எல்பா தீவில் இரும்புத் தாது, கரையில் பொப்புலோனியா நகரம். அங்கே உருக்கிய இரும்பின் கசடு கடற்கரை நெடுகக் குன்றுகளாகக் குவிந்தது. அந்தக் கசடில் இன்னும் நிறைய இரும்பு மிச்சமிருந்ததால் இருபதாம் நூற்றாண்டில் அதை அள்ளிக்கொண்டு போய் மறுபடி உருக்கினார்கள். அள்ள அள்ள, அடியில் எட்ருஸ்கக் கல்லறைகள் தலைகாட்டின. பழைய மயானத்தின் மேலேயே கசடைக் கொட்டியிருக்கிறார்கள்!

இரும்பும் செம்பும் ஒயினும் வெளியே போயின. கிரேக்கச் சாடிகளும் கிழக்கத்தியத் தந்தமும் உள்ளே வந்தன. இன்று உலக அருங்காட்சியகங்களில் முழுசாக நிற்கும் கிரேக்க ஓவியச் சாடிகளில் கணிசமானவை கிரேக்க மண்ணிலிருந்து எடுத்தவை அல்ல, எட்ருஸ்கக் கல்லறைகளிலிருந்து எடுத்தவை. 18-ம் நூற்றாண்டில் இவற்றை எட்ருஸ்கரே செய்ததாக நினைத்தார்கள். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1769-ல் திறந்த தன் பீங்கான் தொழிற்சாலைக்கு ‘எட்ருரியா’ என்று பெயர் வைத்ததன் பின்னணி அந்தத் தவறான நம்பிக்கைதான்.

வந்தவர்களா, இருந்தவர்களா?

எட்ருஸ்கர் என்றாலே எழும் முதல் சண்டை இது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன கதை சுவையானது. இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டில் பதினெட்டு வருடம் பஞ்சம். பசியை மறக்க மக்கள் தாயமும் பந்தும் கண்டுபிடித்தார்களாம்: ஒரு நாள் முழுக்க விளையாட்டு, மறுநாள் சாப்பாடு. அதுவும் கட்டுப்படியாகாமல் போகவே அரசன் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைத் தன் மகன் திர்ரெனஸின் தலைமையில் கப்பலேற்றி அனுப்பினான். அவர்கள் வந்திறங்கிய இடம் எட்ருரியா. பல நூற்றாண்டுகள் கழித்து ஹாலிகர்னாஸஸ் ஊர் டயோனிசியஸ் இதை மறுத்தார். மொழியும் வழக்கமும் லிடியாவோடு ஒத்துப்போகவில்லை, இவர்கள் மண்ணின் மக்கள்தான் என்றார்.

2021-ல் வெளியான மரபணு ஆய்வு டயோனிசியஸ் பக்கம் சாய்ந்தது. மத்திய, தென் இத்தாலியின் பழைய எலும்புகளில் 82 பேருடைய மரபணுவைப் பார்த்தார்கள். எட்ருஸ்கரின் வம்சாவளி பக்கத்து லத்தீன்காரர்களுடையதைப் போலவே இருந்தது. அவர்கள் காலத்தை ஒட்டி அனடோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, ஒரு கூட்டம் வந்து கலந்ததற்கான தடயம் இல்லை. ஆனால் இதுவே புதுப் புதிர் ஒன்றைக் கிளப்புகிறது. ரத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர், பேச்சில் யாரோ!

படிக்கலாம், ஆனால்...

எட்ருஸ்க மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. லத்தீன், கிரேக்கம் எதனோடும் உறவில்லை. ஏஜியன் கடலில் லெம்னோஸ் தீவில் கிடைத்த ஒரு கல்வெட்டு மொழியும், ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ரெய்டிக் என்ற மொழியும் மட்டுமே இதன் சொந்தங்கள். மூன்றுமே செத்துப்போன மொழிகள்.

‘யாராலும் படிக்க முடியாத மர்ம எழுத்து’ என்று யூடியூபில் பின்னணி இசையோடு சொல்வார்கள். நம்ப வேண்டாம். எழுத்து கிரேக்க எழுத்திலிருந்து வந்தது. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். எந்த மாணவரும் ஒரு வாரத்தில் வாய்விட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொறிப்புகள் கிடைத்திருக்கின்றன. கஷ்டம் வேறு இடத்தில். பெரும்பாலானவை ‘இன்னார் மகன் இன்னார், இத்தனை வயதில் இறந்தார்’ என்ற கல்லறை வரிகள். சுடுகாட்டுக் கற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் கற்றுப் பாருங்கள். பிறப்பு, இறப்பு, உறவு, பதவி எல்லாம் தெரிந்துவிடும். ‘மழை வரும் போலிருக்கிறது’ என்று சொல்லத் தெரியாது.

இருப்பதில் சில விஷயங்கள் தமிழ் வாசகரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ‘கிளான்’ என்றால் மகன். ‘கிளெனார்’ மகன்கள். ‘கிளெனாரசி’ மகன்களுக்கு. விகுதிக்கு மேல் விகுதி அடுக்கும் நம் பழக்கம்தான். தந்தைக்கு அவர்கள் சொல் ‘அப்ப’. உடனே யாரும் வாட்ஸ்அப்பில் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம். குழந்தை வாயில் முதலில் வரும் அப்பா, பாப்பா, மாமா போன்ற ஒலிகள் உறவில்லாத மொழிகளில்கூட ஒரே மாதிரி இருக்கும். விகுதி அடுக்கும் மொழிகளும் உலகில் ஏராளம். அம்மாவுக்கு இவர்கள் சொன்னது ‘அத்தி’, மனைவி ‘புயா’. அதோடு ஒற்றுமை தீர்ந்தது.

எண்களைத் தெரிந்துகொண்டது ஒரு ஜோடிப் பகடையால். புள்ளிக்குப் பதிலாக ஆறு பக்கங்களிலும் ஆறு சொற்கள். எது நான்கு, எது ஆறு என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1964-ல் பிர்ஜி என்ற துறைமுகத்தில் மூன்று தங்கத் தகடுகள் கிடைத்தன. இரண்டில் எட்ருஸ்கம், ஒன்றில் ஃபினீசிய மொழி. செர்வேத்தெரியின் ஆட்சியாளர் தெஃபாரியே வெலியானாஸ், கி.மு. 500-ஐ ஒட்டி, ஊனி தேவிக்குக் கோயில் காணிக்கை செய்த செய்தி. ஒரே விஷயத்தை இரண்டு மொழியில் சொல்லும் இப்படிப்பட்ட சான்று அபூர்வம், ஆனால் வரிகள் குறைவு.

எட்ருஸ்க மொழியில் கிடைத்ததிலேயே நீளமான எழுத்து எங்கே கிடைத்தது தெரியுமா? எகிப்திய மம்மியின் மேல். 1848-ல் மிஹாய்லோ பாரிச் என்ற குரோஷியர் அலெக்சாந்திரியாவில் ஒரு பெண் மம்மியை விலைக்கு வாங்கி, வியன்னாவில் தன் வீட்டில் நிறுத்தி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அது ஸாக்ரெப் அருங்காட்சியகத்துக்குப் போனது. மம்மியைச் சுற்றியிருந்த துணியில் எழுத்து இருந்தது. எகிப்திய எழுத்தாக இருக்கும் என்று நினைத்தார்கள். 1892-ல்தான் யாக்கோப் கிரால் என்ற அறிஞர் அது எட்ருஸ்கம் என்று கண்டுபிடித்தார். லினன் துணியில் எழுதிய சடங்குப் புத்தகம் ஒன்றை யாரோ பட்டை பட்டையாகக் கிழித்துப் பிணத்தைச் சுற்றப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்கு என்ன படைக்க வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கிறது. சுமார் 1,200 சொற்களைப் படிக்க முடிகிறது. ஒரு நாகரிகத்தின் நூலகத்தில் நமக்குக் கிடைத்தது பழந்துணிக்குப் போன ஒரு புத்தகம்.

ஒரே கட்டிலில் கணவனும் மனைவியும்

ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் சுடுமண்ணால் செய்த ஈமப்பேழை ஒன்று இருக்கிறது. 1881-ல் செர்வேத்தெரியில் நானூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்ட வைத்தார்கள். கி.மு. 520 வாக்கில் செய்தது. மூடியின் மேல் ஒரு தம்பதி, விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். அவன் கை அவள் தோளில். இருவர் முகத்திலும் சிரிப்பு. அவர்கள் கைவிரல்களைப் பார்த்தால் ஏதோ பேச்சு நடுவில் நிற்கிறது என்று தோன்றும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதே காலத்து ஏதென்ஸில் இது நடக்காது. அங்கே ஆண்களின் மது விருந்தில் குடும்பப் பெண்கள் கலந்துகொள்ள மாட்டார்கள். அங்கே இருக்கும் பெண்கள் கூலிக்கு வந்த இசைக்காரிகளும் விலைமாதர்களும்தான். ஆக, மனைவி கணவனோடு ஒரே போர்வைக்குள் சாய்ந்து விருந்து சாப்பிடுவதைக் கேள்விப்பட்ட கிரேக்கருக்கு என்ன தோன்றியிருக்கும்? கி.மு. 4-ம் நூற்றாண்டில் தியோபொம்பஸ் எழுதினார்: எட்ருஸ்கப் பெண்கள் அழகிகள், நன்றாகக் குடிப்பார்கள், ஆண்களோடு சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள், யாரோடு வேண்டுமானாலும் விருந்துண்பார்கள்; பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது, எல்லாப் பிள்ளையையும் வளர்ப்பார்கள்.

இதற்குப் பதிலை எட்ருஸ்கர்களின் கல்லறைகளே சொல்கின்றன. தகப்பன் பெயர் அங்கே வரிக்கு வரி இருக்கிறது. கூடவே பல இடங்களில் தாயின் பெயரும். ‘இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகன்’ என்று. ரோமர் தாய் பெயரைப் பொதுவாக எழுதுவதில்லை.

பெண்ணுக்குச் சொந்தப் பெயர் இருந்ததும் கவனிக்க வேண்டிய விஷயம். ரோமில் பெண்ணை அநேகமாகக் குடும்பப் பெயரின் பெண்பால் வடிவத்தால்தான் அழைத்தார்கள். ஜூலியஸ் சீசருக்கு இரண்டு சகோதரிகள். இருவர் பெயரும் ஜூலியா. எட்ருரியாவில் ராம்தா, தானா, வேலியா, லார்தியா என்று ஒவ்வொருத்திக்கும் தனிப்பெயர், அதன் பிறகு குடும்பப் பெயர். அவர்களுடைய வெண்கலக் கைக்கண்ணாடிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் முகம் பார்க்கப் பளபளப்பு. மறுபக்கம் புராணக் காட்சி, ஒவ்வொரு பாத்திரத்தின் தலைக்கு மேலும் பெயர் எழுதி. படிக்கத் தெரியாதவளுக்கு யாரும் எழுத்துப் பொறித்த கண்ணாடியைப் பரிசு தருவார்களா?

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள செயாந்தி ஹனூனியா த்லெஸ்னாசா என்ற அம்மையாரையும் அறிமுகப்படுத்தியாக வேண்டும். கியூசி பக்கத்தில் 1886-ல் கிடைத்த ஈமப்பேழை, கி.மு. 150-ஐ ஒட்டியது. மூடியில் அவர் இளமையாக, நகைகளோடு, கண்ணாடியைப் பிடித்தபடி முக்காட்டைச் சரிசெய்கிறார். உள்ளே எலும்புக்கூடும் இருந்தது. ஆராய்ந்தால், இறக்கும்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. மூட்டுவலியும் பல் பிரச்சினையும் இருந்திருக்கின்றன. இளவயதில் இடுப்பில் அடிபட்டிருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சிற்பி சில வருடங்களையும் சில கிலோவையும் குறைத்துக் காட்டியிருக்கிறார். அதில் தப்பு ஒன்றுமில்லை.

ஆனால் ‘பெண் சுதந்திரத்தின் சொர்க்கம்’ என்று எழுதுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. கல்லில் பெயர் வெட்டிக்கொள்ளக் காசு இருந்த வீட்டுப் பெண்கள் இவர்கள். நகரத்தை ஆண்ட பதவிகளில் இருந்தது ஆண்கள். விருந்துக் கட்டிலுக்குப் பின்னால் நின்று பரிமாறியவர்கள் அடிமைகள்.

ஒர்வியெட்டோ அருகில் உள்ள ஒரு கல்லறையின் சுவரில் அந்த விருந்துக்கான சமையற்கட்டையே தீட்டியிருக்கிறார்கள். தொங்கும் மாட்டிறைச்சி, வெட்டுபவன், அரைப்பவன், நடுவில் குழல் ஊதுபவன். எட்ருஸ்கர்கள் மாவு பிசைவதும், குத்துச்சண்டை போடுவதும், அடிமையைச் சவுக்கால் அடிப்பதும் குழலிசைக்கு ஏற்பத்தான் என்று கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டையும் படிக்கும்போது வரும் புன்னகை மூன்றாவதில் நின்றுவிடும்.

அதே ஒர்வியெட்டோதான், பழைய பெயர் வோல்சினி, அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் ஆட்சியைக் கைப்பற்றிய ஊர். துரத்தப்பட்ட பிரபுக்கள் ரோமிடம் போய் உதவி கேட்டார்கள். ரோம் வந்தது. கி.மு. 264-ல் ஊரை இடித்து, மிஞ்சியவர்களை வேறிடத்தில் குடியேற்றியது. போகும்போது 2,000 வெண்கலச் சிலைகளையும் அள்ளிக்கொண்டு போனார்களாம்.

ஈரலும் இடியும்

1877-ல் பியாச்சென்ஸா அருகே உழுதுகொண்டிருந்த விவசாயியின் கலப்பையில் வெண்கலத்தில் செய்த ஏதோ ஒன்று சிக்கியது. உள்ளங்கை அகலம், நீளம் சுமார் 12.6 சென்டிமீட்டர். பார்த்தால் ஓர் ஆட்டின் ஈரல். மேல்பரப்பு முழுக்கக் கோடு போட்டுக் கட்டங்கள். கட்டத்துக்குள் தெய்வப் பெயர்கள், ஏறக்குறைய நாற்பது. இது குறி பார்ப்பவரின் பாடக் கருவி.

பலிகொடுத்த ஆட்டின் ஈரலை எடுத்து, எந்தப் பகுதியில் புடைப்பு, எந்தப் பகுதியில் வடு என்று பார்த்து, அந்தப் பகுதிக்குரிய தெய்வம் என்ன நினைக்கிறது என்று சொல்வார்கள். வெண்கல ஈரலின் விளிம்பில் பதினாறு பிரிவுகள். வானத்தையும் அவர்கள் பதினாறாகத்தான் பிரித்திருந்தார்கள். அதாவது வானத்தின் நகல் ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. பாபிலோனியாவிலும் களிமண்ணில் செய்த ஈரல் மாதிரிகள் உண்டு. அவை இதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையவை.

அடுத்தது மின்னல். எந்தத் திசையில் வெட்டியது, எதன்மேல் விழுந்தது, என்ன நிறம் என்று எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. ஒன்பது தெய்வங்கள் மின்னலை வீசும், மின்னலில் பதினோரு வகை. தலைமைத் தெய்வமான தினியாவிடம் மட்டும் மூன்று. முதலாவதை அவர் தன்னிச்சையாக வீசலாம், அது எச்சரிக்கை. இரண்டாவதற்குப் பன்னிரண்டு தெய்வங்களின் ஆலோசனை வேண்டும். மூன்றாவது பேரழிவு தருவது. அதற்குப் பேர் தெரியாத மேலிடத்துத் தெய்வங்களின் ஒப்புதல் வேண்டும். தலைமைத் தெய்வத்துக்கும் கோப்பில் கையெழுத்து வாங்க வேண்டிய நிலை.

இந்த மனப்போக்கை ரோமத் தத்துவஞானி செனெக்கா அழகாகப் பிரித்துக் காட்டினார். மேகங்கள் மோதுவதால் மின்னல் வருகிறது என்று நாம் நினைக்கிறோம். மின்னல் வர வேண்டும் என்பதற்காகவே மேகங்கள் மோதுகின்றன என்று அவர்கள் நினைக்கிறார்கள், என்று. எட்ருஸ்கருக்கு உலகில் தற்செயல் என்று எதுவும் இல்லை. நடப்பதெல்லாம் ஒரு சேதி. படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல வேண்டும்.

இந்த வித்தை எப்படி வந்தது என்பதற்கும் கதை உண்டு. தார்க்வினியாவில் ஒருவன் ஆழமாக உழுதபோது சாலிலிருந்து ஒரு குழந்தை எழுந்தது. உருவம் குழந்தை, அறிவு கிழவனுடையது, பெயர் தாகெஸ். ஊரே கூடியது. அது சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அந்த நூல்கள் அழிந்துவிட்டன என்பதுதான் மறுபடி மறுபடி நாம் முட்டிக்கொள்ளும் சுவர்.

ரோமர்கள் இதைக் கிண்டலும் செய்தார்கள், விடவும் இல்லை. ஒரு குறிகாரன் எதிரே இன்னொரு குறிகாரனைப் பார்த்தால் எப்படிச் சிரிக்காமல் இருக்கிறான் என்று ரோம அரசியல்வாதி கேட்டோ வியந்தாராம். ஆனால் எட்ருஸ்க நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை இந்தக் கலையில் பயிற்றுவிக்க வேண்டும் என்று செனட் தீர்மானமே போட்டது. சீசரை எச்சரித்த குறிகாரர் ஸ்புரின்னா ஓர் எட்ருஸ்கப் பெயர்க்காரர்தான். கி.பி. 408-ல், ரோம் கிறிஸ்தவமாகி விட்ட பிறகும், கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை நகரைச் சூழ்ந்தபோது எட்ருரியாவிலிருந்து சிலர் வந்து ‘எங்கள் சடங்கால் இடியை வரவழைத்துத் துரத்துகிறோம்’ என்று முன்வந்தார்கள். சடங்கைப் பொதுவெளியில் செய்தால்தான் பலிக்கும் என்றார்கள். அதற்கு யாரும் துணியவில்லை. நகரம் பொன்னும் வெள்ளியும் மிளகும் கொடுத்துத் தப்பித்தது. அந்த மிளகு 3,000 ராத்தல். மிளகு விளைந்த கரை நம்முடையது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ரோமுக்குள் எட்ருஸ்கர்

ரோமின் ஏழு அரசர்களில் கடைசி மூவரை, மரபுக் கணக்கில் கி.மு. 616 முதல் 509 வரை ஆண்டவர்களை, எட்ருஸ்கத் தொடர்பு உள்ளவர்களாகவே சொல்கிறார்கள். கேப்பிட்டோல் குன்றின் பெரிய ஜுப்பிட்டர் கோயிலும் நகரின் பெரிய வடிகாலும் அவர்கள் காலத்து வேலை. அந்தக் கோயிலின் சாமி சிலையைச் செய்ய வேயி ஊர் வுல்கா என்ற சிற்பியை வரவழைத்தார்கள். பழைய எழுத்தாளர்கள் பேர் சொல்லிக் குறிப்பிடும் எட்ருஸ்கச் சிற்பி அவர் ஒருவர்தான்.

அதிகாரத்தின் அடையாளமான கோடரி செருகிய கழிக்கட்டும் எட்ருஸ்கர் கொடுத்ததே என்று ரோமரே சொன்னார்கள். வெட்டுலோனியாவில் 1898-ல் இரும்பில் செய்த அப்படியொரு சிறிய கட்டு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துக் கதை. எட்ருஸ்க மொழியில் ப, த, க உண்டு. அவற்றின் அதிர்வொலி வடிவங்கள் இல்லை. கங்கையின் முதல் ஒலிக்கும் கண்ணின் முதல் ஒலிக்கும் நாம் ஒரே ‘க’வை எழுதுகிறோமே, அவர்களுக்கோ அந்தக் கங்கை ஒலியே தேவைப்படவில்லை. ஆகவே கிரேக்கரின் ‘காமா’ எழுத்தை ‘க்’ ஒலிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ரோமர் வாங்கியபோது, இரண்டு ஒலியும் உள்ள லத்தீனுக்கு ஒரே எழுத்துதான் கிடைத்தது. அப்புறம் கி.மு. 3-ம் நூற்றாண்டில் அதற்கு ஒரு சின்னக் கோடு போட்டு ‘ஜி’ எழுத்தை உண்டாக்கினார்கள். ஆங்கில நெடுங்கணக்கில் மூன்றாவதாக ‘சி’ உட்கார்ந்திருப்பதும், அதன் சற்றே மாறிய தம்பியாக ‘ஜி’ இருப்பதும் இந்த எட்ருஸ்கக் காதுகளின் வேலை.

பேரரசர் கிளாடியஸ் எட்ருஸ்கர் வரலாற்றை இருபது தொகுதிகளாகக் கிரேக்கத்தில் எழுதினார். ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. அவர் செனட்டில் ஆற்றிய உரை ஒன்று மட்டும் வெண்கலத் தகட்டில் தப்பியது. அதில் ஒரு தகவல்: ரோமர்கள் செர்வியஸ் துல்லியஸ் என்று சொல்லும் அரசனின் எட்ருஸ்கப் பெயர் மஸ்தார்னா, அவர் கைலியஸ் விபென்னாவின் உற்ற தோழர். 1857-ல் வுல்ச்சியில் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. சுவரோவியத்தில் ஒருவர் கைதி ஒருவரின் கட்டை அறுத்து விடுவிக்கிறார். தலைக்கு மேல் பெயர்கள்: விடுவிப்பவர் மக்ஸ்தர்னா, கைதி கைலே விபினாஸ். கிளாடியஸ் கதை விடவில்லை. எட்ருஸ்கருக்கும் தங்கள் வரலாறு இருந்திருக்கிறது. வேறு யாரும் அதைப் பிரதி எடுக்கவில்லை.

புதியவை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2022-ல் சான் காஷானோ தேய் பாஞ்ஞி என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுச் சேற்றிலிருந்து 24 வெண்கலச் சிலைகளை எடுத்தார்கள். கூடவே ஆயிரக்கணக்கான நாணயங்கள், உடல் உறுப்புகளின் உருவாரங்கள். நோய் தீர வேண்டிக்கொண்டவர்களின் காணிக்கை. பொறிப்புகளில் சில எட்ருஸ்கத்தில், சில லத்தீனில். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே ஊற்றில் ஒரே வேண்டுதலோடு முங்கியிருக்கிறார்கள், வெளியே ரோமும் எட்ருஸ்க நகரங்களும் அடித்துக்கொண்டிருந்த காலத்திலும்.

ஃபிளாரன்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போக வாய்த்தால் 1566-ல் கிடைத்த ‘பேச்சாளர்’ சிலை முன் கொஞ்சம் நில்லுங்கள். கி.மு. 100-ஐ ஒட்டிய வெண்கலச் சிலை, ஆளுயரம், 1.79 மீட்டர். பெயர் ஆவுலே மெத்தெலே. போட்டிருப்பது டோகா என்ற ரோம மேலாடை, காலில் ரோமக் காலணி, கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குபவர் மாதிரி வலது கையை உயர்த்தியிருக்கிறார். என்ன பேசினாரோ. டோகாவின் கீழோரத்தில் மூன்று வரி பொறித்திருக்கிறார்கள்: தந்தை பெயர், தாய் பெயர் இரண்டும் சொல்லி, எட்ருஸ்க மொழியில், வலமிருந்து இடமாக.